சவர்த் தண்ணீரில் ஊதும் களிமண் ஜெல்: கேட்டவையும் என் பதில்களும்

பூநகரித் தம்பி: போத்தல் தண்ணீரில் நன்றாக ஊதிய ஜெல் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஏன் ஊதவில்லை அண்ணை?

உப்புத்தான் தம்பி. இந்த ஜெல், தண்ணீரைக் குடித்து ஊதி மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற தூள். அதன் அடிப்படைப் பொருளான பொலிஅக்ரிலேட் என்ற நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி முழுக்க எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும், உள்ளே சோடியம் நிறைந்திருப்பதால் வெளித்தண்ணீர் உள்ளே ஓடி வரும். வெளியிலும் உப்பு இருந்தால் இரண்டு விசையும் தளர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீரை எடையில் சில நூறு மடங்கு குடிப்பது, 0.9 சதவீத உப்புநீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். கல்சியம் இன்னும் மோசம், இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் உங்கள் எதிரி அதுதான்.

மன்னார் மாணவி: முருங்கன் களி சரிவருமா?

வரும் தங்கச்சி. மாரியில் வீங்கி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற அந்தக் கறுப்பு மண்ணில் தண்ணீர் பட்டால் வீங்குகிற மொண்ட்மொரிலோனைட் வகைக் களி அதிகம். கரைத்து மணலை அடியில் விட்டு, மேல்களியை மட்டும் எடுங்கள். சுண்ணாம்புக் கட்டி கண்டால் பொறுக்கி எறியுங்கள், அதுவும் கல்சியம். ஆனால் களி போட்டால் உப்பு தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். களி ஜெல்லை உறுதியாக்கும், செலவைக் குறைக்கும். உப்பைத் தாங்க வைப்பது பெரும்பாலும் கூடச் சேர்க்கும் மின்னேற்றமில்லாத அக்கிரிலமைட்டோ சல்போனேட் கூட்டமுள்ள மொனோமரோதான் (மொனோமர் என்றால் சங்கிலியைக் கட்டும் சிறு மூலக்கூறு). களி 5 முதல் 10 சதவீதத்தில் தொடங்குங்கள், கூடினால் உறிஞ்சல் விழும்.

கிளிநொச்சி ஐயா: வீட்டில் செய்யலாமா?

வேண்டாம் ஐயா. அக்ரிலிக் அமிலம் தோலை எரிக்கும், அக்கிரிலமைட் நரம்பைக் கெடுக்கும். ஆய்வுகூடத்தில், அமிலத்தை ஐஸில் வைத்துக் காரத்தை மெல்ல மெல்ல விட்டு 70 சதவீதமளவு நடுநிலையாக்கி, களியும், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பி துளியும் கலந்து, நைதரசன் விட்டு ஒட்சிசனை வெளியேற்றி, தாக்கத்தைத் தொடக்கி வைக்கும் பேர்சல்பேற்று சேர்த்து 60, 70 பாகையில் வைப்பார்கள். திடீரென்று சூடேறிப் பொங்கும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அதே மாணவி: எப்படி அளப்பது?

வெறும் தேயிலைப் பையை நனைத்து நிறுங்கள். அதில் 0.2 கிராம் தூள் போட்டு, உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு மணிநேரம் ஊறவிட்டு, சொட்டு நிற்கும்வரை தொங்கவிட்டுத் திரும்ப நிறுங்கள். வடித்த நீரில் அளந்த எண் தோட்டத்துக்கு உதவாது.

முல்லைத்தீவு அக்கா: மிளகாய்க்குப் பசளையோடு கலந்து போடலாமா?

யூரியா பரவாயில்லை அக்கா, அதற்கு மின்னேற்றம் இல்லை. எம்ஓபி (பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை) உப்புதான், ஜெல் சுருங்கும். அதைத் தள்ளிப் போடுங்கள்.