மொட்டைமாடியில் கம்பி கட்டும் பையனின் அப்பாவுக்கு

அண்ணே, வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கிற பையன் மொட்டைமாடியில் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறான். பென்டிரைவ் மாதிரி ஏதோ ஒன்றை லேப்டாப்பில் செருகிக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் “அயனி மண்டலத்தைப் பார்க்கிறேன்” என்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுடா என்றால் காதில் வாங்குவதே இல்லை. இவ்வளவுதானே உங்கள் கவலை?

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் செட் பார்த்துக் கொடுக்கிறவர் நீங்கள். அதனால் அந்தப் பொருளை உங்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் திறக்கிற செட்டில் காயில், ஃபில்டர், ஐ.எஃப். என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாகம் இருக்கும். பையன் வைத்திருப்பதில் அந்த வேலைகளில் பெரும்பகுதி கணக்காக மாறி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ, சுருக்கமாக எஸ்.டி.ஆர். அந்தக் குச்சி முதலில் டி.வி. பார்ப்பதற்காக வந்தது. ஆன்டெனாவில் வருகிற அலையை அப்படியே எண்களாக்கி அனுப்ப வைக்கலாம் என்று 2012 வாக்கில் சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்ற கருவியின் வேலையை, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய்வருகிற பையன் சில ஆயிரம் ரூபாயில் செய்து பார்க்க முடிவது அதனால்தான்.

சரி, ரேடியோவை வைத்து வானத்தை எப்படிப் படிப்பது? சூரியன் அடிக்கும்போது 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் ஓர் அயனி அடுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற காற்றின் அடுக்கு, உண்டாகிறது. இப்படிப்பட்ட அடுக்குகள் சேர்ந்ததுதான் பையன் சொல்கிற அயனி மண்டலம். அது மீடியம் வேவை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைகிறது. மேலே இருக்கிற அடுக்குகளில் பட்டு அலை திரும்பி வருகிறது. பகலில் வராத தூரத்து நிலையங்கள் ராத்திரியில் வருவது இதனால்தான். உங்கள் அப்பா காலத்து டிரான்ஸிஸ்டரில் நீங்களே கேட்டிருப்பீர்கள். எது, எப்போது, எவ்வளவு பலமாக வந்தது என்று தினமும் குறித்து வைத்தால் அதுவே மேல் வளிமண்டலத்தைப் பற்றிய தரவு.

அதிலும் நாம் இருக்கிற இடம் ஒரு அதிர்ஷ்டம். பூமியின் காந்தப் புலத்துக்கு உரிய நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது. கேரளத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டதற்குக் காரணமே அதுதான். பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே அயனிக் கூட்டம் நீரூற்று மாதிரி எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்கும். சூரியன் மறைந்த பிறகு அதற்குள் அயனி குறைந்த குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழி வழியாக வரும் செயற்கைக்கோள் சிக்னல் நடுங்கும். படகில் இருக்கிற ஜி.பி.எஸ். சில மாலைகளில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். விமானங்களுக்கு இந்தப் பிழையைத் திருத்திக் கொடுக்கத்தான் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் என்ற அமைப்பை உருவாக்கின. வேலைவாய்ப்பு எங்கே இருக்கிறது என்று இதிலிருந்தே கொஞ்சம் தெரிந்திருக்கும்.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பையனிடம் கேளுங்கள்: “நோட்டில் எழுதி வைக்கிறாயா?” தேதி, நேரம், அலைவரிசை, சிக்னலின் பலம். எழுதியிருந்தால் இந்தத் துறைக்கு ஏற்ற ஆள். கேட்டு ரசிப்பதோடு சரி என்றால் நல்ல பொழுதுபோக்கு, இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டிலும் தப்பில்லை, ஆனால் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு வேறு வேறு.

எழுதுகிறான் என்றால் அவனுக்கு நான் சொல்கிற முதல் வேலைக்கு அந்தக் குச்சிகூடத் தேவையில்லை. மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி, லேப்டாப்பின் மைக் சாக்கெட்டில் கொடுக்கட்டும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் கடற்படை அலை ஒன்று வருகிறது. நம்ம திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலிருந்து 18.2 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று. விஜயநாராயணம் கிட்டத்தில் இருப்பதால், அயனி மண்டலத்தில் பட்டு வரும் அலையோடு தரை வழியாக வரும் அலையும் கலந்துவிடும். அதனால் ஆஸ்திரேலிய அலையில் தொடங்குவது நல்லது. அதில் என்ன செய்தி போகிறது என்பது நமக்கு வேண்டாம், பலம் மட்டும் போதும். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் சில நிமிடத்திலேயே அந்தப் பலத்தை வரைந்த கோடு எகிறும் அல்லது சரியும். வடசென்னையில் இதற்குப் பெரிய எதிரி இரைச்சல்தான். பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாமே கத்தும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பாதிப் படிப்பு.

அப்புறம், ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கத் தேவையில்லை. பதிவு செய்வது கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு பைத்தானில் பத்து வரி எழுதப் பழகினால் பையன் தூங்கலாம், நீங்களும் தூங்கலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.டி.ஆரில் பாதி புரோகிராமிங், பாதி கணக்கு. ஆகவே நீங்கள் சொல்வதும் அவன் செய்வதும் எதிரெதிர் அல்ல. என் கருத்து, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், அதாவது இ.சி.இ., எடுப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கே போகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத மனமிருந்தால் திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கான ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது. விஞ்ஞானியாகத்தான் ஆவேன் என்றால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல், பிறகு நெட் அல்லது ஜெஸ்ட் என்ற தேர்வு எழுதி பிஎச்.டி. திருப்பதி பக்கத்தில் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அயனி மண்டலத்தை மட்டுமே படிக்கிற வேலைகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் சிக்னல் பிராசஸிங், அதாவது சிக்னலைக் கணக்கால் கையாளும் வித்தை, தெரிந்தவனுக்கு ரேடார், மொபைல் நெட்வொர்க், செயற்கைக்கோள், சிப் வடிவமைப்பு என்று கதவுகள் நிறைய. பெயரில் ‘ஸ்பேஸ்’ இருக்கிறதே என்று மட்டும் எந்தக் கோர்ஸிலும் சேர்த்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் அப்படிச் சேர்ந்தார். நாலு வருஷத்தில் அங்கே ஓர் ஆன்டெனாவைக்கூட அவர் தொட்டதில்லை.

கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. உரிமம் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது. போலீஸ், கடற்படைப் பேச்சுப் பக்கம் போகவே கூடாது. பொழுதுபோக்காக ஒலிபரப்ப உரிமம் வாங்குவதற்கான ஹாம் ரேடியோ தேர்வு எழுத 12 வயது ஆகியிருந்தால் போதும். இந்த லீவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மாடியில் போகிற கம்பி மின்வாரிய லைனுக்குப் பக்கத்தில் இல்லையே என்று இன்றைக்கே ஏறிப் பாருங்கள். இடி இடித்தால் லேப்டாப்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். கடல்காற்றுக்கு ஜாயின்ட் எல்லாம் பச்சை பிடித்திருக்கும். அதை நீங்களே சால்டர் வைத்து டேப் சுற்றிக் கொடுத்துவிடுங்கள், பையனுடைய சால்டர் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.