நீற்றுப்பெட்டியை எந்த அறையில் வைப்பது?

“கலை, கைவினை, வடிவமைப்பு என்று நூதனசாலைகள் (அருங்காட்சியகங்கள்) பிரித்து வைத்த கோடு இப்போது அழிந்து வருகிறதே, இது நல்லதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்ல அம்மம்மாவின் நீற்றுப்பெட்டியில் இருந்து தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: நீற்றுப்பெட்டி என்பது புட்டு அவிக்கப் பனையோலையில் இழைக்கும் கூம்பு. கூர்ப்பக்கம் பானைக்குள் இறங்கும், அகன்ற வாய் மேலே நிற்கும். காயவைத்த சார்வோலையை (குருத்துக்கு அடுத்த ஓலை) ஒரே அகலத்தில் வார்ந்து இழைக்க வேண்டும். இழை நெருங்கினால் ஆவி ஏறாது, தளர்ந்தால் மா கொட்டும். அந்த நடு அளவு அம்மம்மாவின் விரலில் இருந்தது. கேட்டால் சொல்லத் தெரியாது, இழைத்துக் காட்டுவா. அவிந்ததும் கவிழ்த்துத் தட்டினால் புட்டு அதே கூம்பாகத் தட்டில் நிற்கும். இதில் எது வடிவமைப்பு, எது கைவினை? விளிம்பில் சாயம் போட்ட சிவப்பு ஓலை ஒன்றையும் சேர்த்திருப்பா. அது புட்டுக்குத் தேவையே இல்லை, பார்க்க வடிவாக இருக்கட்டும் என்றுதான்.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று உண்டு. 1926இல் பிரான்குசி என்ற சிற்பியின் வெண்கலப் பறவைச் சிற்பம் நியூயோர்க்கில் வந்து இறங்கியது. கலைப்பொருளுக்கு வரி கிடையாது. பார்த்தால் பறவை மாதிரி இல்லையே என்று சுங்கத்தார் அதைச் சமையலறைப் பாத்திரங்களின் வகையில் போட்டு 40 வீத வரி கேட்டார்கள். வழக்கு நடந்து, 1928இல் அது கலைதான் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று, அதற்கு எந்தப் பயன்பாடும் இல்லை என்பது. அந்த அளவுகோலை வைத்தால் நீற்றுப்பெட்டி ஒருநாளும் கலை ஆகாது. புட்டு அவிப்பதுதான் அதன் குற்றம்!

சரி, நூதனசாலைகள் எல்லாம் அப்படி நினைக்கவில்லை. லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் நூதனசாலை 1852இல் தொடங்கியதே உற்பத்திப் பொருட்களுக்காகத்தான். நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 1934இல் இயந்திரச் சுருள்வில்லையும் ‘போல்பெயரிங்’ (ball bearing) என்ற உருளும் குண்டுத் தாங்கியையும் காட்சிக்கு வைத்தது. யாழ்ப்பாணத்து வேர் உள்ள கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி 1908இலேயே பெரிய நூல் எழுதியவர். 1917இல் இருந்து பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் வேலை செய்தார். பயன்படும் பொருள் வேறு, கலை வேறு என்று பிரிப்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. எங்கள் பழைய அறுபத்து நான்கு கலைகளிலும் பூத்தொடுப்பதும் தச்சுவேலையும் இருக்கின்றனவே.

இப்போது அந்தக் குறை. ஓவியத்தின் கீழே வரைந்தவர் பெயர், ஆண்டு இருக்கும். ஓலைப்பெட்டியின் கீழே ‘பனையோலை, யாழ்ப்பாணம்’ என்று மட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்த பிறகும் விளக்க அட்டை மாறாவிட்டால் கோடு அப்படியேதான் இருக்கிறது. செய்தவரைத் தெரியாது என்பார்கள். பல பொருட்களுக்கு அது உண்மை. ஆனால் வாங்கி வைத்த அன்று யாராவது கேட்டார்களா? எங்கள் ஒழுங்கையில் பெட்டியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தே, “இது ஆற்றை (யாருடைய) கை எண்டு தெரியுது” என்று சொல்லும் பெண்கள் இருந்தார்கள். ஓவியத்தில் கையொப்பம் பார்ப்பதும் அதுவும் எனக்கு ஒன்றுதான்.

அதனால் நீற்றுப்பெட்டியை எந்த அறையில் வைத்தாலும் எனக்குச் சரி. இழைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதட்டும். பக்கத்தில் ஒரு புட்டுப்பானையும் வைக்கட்டும். தனியாகக் கண்ணாடிக்குள் கவிழ்த்து வைத்தால் பிள்ளைகள் அதைத் தொப்பி என்றுதான் நினைப்பார்கள்.