முப்பது விநாடிக் காணொளியை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

இலங்கையின் தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒரு அக்காவை ஏசி, அவருடைய சாக்கைப் பறிக்கும் முப்பது விநாடிக் காணொளி வட்ஸ்அப்பில் பரவுகிறது. 'நிறையில் களவெடுப்பவர்' என்று எழுதிப் பகிர்கிறார்கள். என்னையும் பகிரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

காணொளியில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதையும், அதன் மேல் எழுதப்பட்டிருப்பதையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஏசுவதும் சாக்கைப் பறிப்பதும் தெரிகின்றன. அதற்கு முன் என்ன நடந்திருந்தாலும் ஒரு தொழிலாளியிடம் அப்படி நடந்துகொள்வது தவறு, அதைத் தட்டிக்கேட்க இந்தக் காணொளியே போதும். ஆனால் தராசும், அது காட்டிய நிறையும், எத்தனை கிலோ கழிக்கப்பட்டது என்பதும் அதில் இல்லை. களவு என்ற குற்றச்சாட்டு தலைப்பிலிருந்து மட்டுமே வருகிறது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கொழுந்தின் நிறையில் கழிப்பதைப் பற்றிய மனக்குறை மலையகத்தில் பழையது, நியாயமானதும்கூட. அந்த நியாயமே இந்தத் தலைப்பைக் கேள்வியின்றி நம்பவைக்கிறது என்பதால், நமக்கு ஏற்கெனவே உண்மையாகத் தோன்றும் காணொளியிடம்தான் நாம் கூடுதல் கவனம் காட்ட வேண்டும்.

கமெராவின் கோணமும் நம் முடிவை மாற்றும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் 1980களிலிருந்து நடத்திய ஆய்வுகளில், ஒரே குற்ற ஒப்புதலை வெவ்வேறு கோணங்களில் பதிவுசெய்து காட்டியபோது, சந்தேகநபரை மட்டும் திரையில் பார்த்தவர்கள், விசாரிப்பவரையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட, அவர் தன்விருப்பத்தோடுதான் ஒப்புக்கொண்டார் என்று கூடுதலாக நம்பினார்கள். மெதுவாக ஓட்டிக் காட்டப்படும் செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதாகத் தோன்றுகிறது என்பதை 2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு காட்டியது. சாக்கைப் பறிக்கும் இடம் மெதுவாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்நாட்டில் இதன் விலை என்னவென்று நாம் கண்டிருக்கிறோம். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் ஊழியரைச் சிலர் சூழ்ந்துகொண்டு, உணவில் மலட்டு மருந்து கலந்தாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்க, சிங்களம் சரிவரத் தெரியாத அவர் ஆமென்பதுபோல் சொன்ன பதில் காணொளியாகப் பரவியது. உணவில் அவர்கள் கண்டது வெறும் மாவுக்கட்டி என்பது அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த சில நாட்களில், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து, கண்டி திகனவில் வன்முறை வெடித்தபோது, இந்தக் கதையும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டவர்களின் மிரட்டலையும், கேட்கப்பட்டவருக்கு மொழி தெரியாததையும் பார்த்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே பகிர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆனால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளத்தோடு வந்திருந்தால், அது குறைந்தது ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது. எடுத்தவரைத் தேடி, வெட்டப்படாத முழுப் பதிவையும், எடுத்த திகதியையும் கேளுங்கள். அன்று மடுவத்தில் நின்ற மற்றவர்களையும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த அக்காவிடம் போங்கள். தான் அவமானப்பட்ட காட்சி ஊரெல்லாம் ஓடுவதை அவர் விரும்புகிறாரா என்று இதுவரை யாராவது கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். அவர் சம்மதித்தால், முழுப் பதிவையும் அன்றைய நிறைத் துண்டையும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் கொடுத்து, சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் எழுத்தில் விசாரணை கேளுங்கள். களவு நடந்ததா என்பதை நிறைப் பதிவேட்டை வைத்து அங்கே கேட்கலாம். கணக்கப்பிள்ளையும் தன் பக்கத்தை அங்கே சொல்லட்டும்.