சின்னம்மாவின் முழங்காலை முதலில் காட்டுங்கள்

உங்கள் கடிதத்தில் ஒன்பது கேள்விகள் உள்ளன. ஆனால் கானாடுகாத்தானிலிருந்து உங்களை எழுதத் தூண்டியது, போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட உங்கள் சின்னம்மாவுக்கு, முகப்புப் படியில் இறங்கும்போது கால் நழுவுவதுபோல் இருக்கிறது. மாலையில் மூட்டு வீங்குகிறது. மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையில் நாள்களைக் கடத்துகிறார். அடுத்த மாதம் ரோபோ உதவியுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவிருக்கும் ஆத்தாவுக்கும் இதே நிலை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள்.

ரோபோ தன்னிஷ்டத்துக்கு எலும்பை அறுத்துவிடும் என்று காணொளிகளில் பார்த்ததை விட்டுவிடுங்கள். திட்டமிடுபவரும் கருவியைக் கட்டுப்படுத்துபவரும் மருத்துவரே.

ஆத்தாவின் கால் வில்லாக வளைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய மூட்டில் உட்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்து, நம் ஊரில் ஜவ்வு என்று சொல்லும் தசைநார் உட்பக்கம் இறுகியும், வெளிப்பக்கம் நாளடைவில் தளர்ந்தும் போயிருக்கும். எலும்பை நேராக வெட்டிப் புது மூட்டைப் பொருத்துவதால் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு தீராது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே உள்ள இடைவெளி, காலை நீட்டியபோதும் மடக்கியபோதும், இரு பக்கமும் ஏறத்தாழப் பொருந்தி வரவேண்டும். நீட்டும்போது இறுகினால் கால் முழுதாக நிமிராது. மடக்கும்போது இறுகினால் போதிய அளவு மடங்காது. மடக்கும்போது தளர்ந்தால், படி இறங்கும்போதும் நாற்காலியை விட்டு எழும்போதும் கால் நிலைகொள்ளாது. 1970களிலேயே ஃப்ரீமேன், இன்சால் போன்ற அறுவை மருத்துவர்கள் வற்புறுத்திய பாடம் இது. இடைவெளிக் கட்டைகளைச் செருகி, காலைக் கையால் அசைத்துப் பார்த்து இதைச் சரிசெய்யும் வழக்கம் இன்றும் உண்டு.

ரோபோ வந்த பிறகு, இந்தச் சோதனையை எலும்பை வெட்டுவதற்கு முன்பே எண்ணாகப் பார்க்க முடிகிறது. இரண்டு எலும்புகளிலும் சிறு ஊசிகளை முடுக்கி, அவற்றில் பொருத்திய குறிகளைக் கேமரா பின்தொடரும். ஓரங்களில் வளர்ந்து தசைநாரைத் தள்ளிக்கொண்டு நிற்கும் எலும்பு முளைகளை முதலில் அகற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் அளவு பொய்யான இறுக்கத்தைக் காட்டும். பிறகு மருத்துவர், காலை ஏறக்குறைய நீட்டிய நிலையிலும் 90 பாகை மடக்கிய நிலையிலும் பிடித்து, உட்பக்கமும் வெளிப்பக்கமும் மாறிமாறித் திறக்கும்படி அழுத்துவார். இடைவெளி உட்பக்கம் 16 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 20 என்று திரையில் வந்தால், ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே வெட்டை ஒரு மில்லிமீட்டர், ஒரு பாகை என்று நகர்த்தி, அந்த வேறுபாடு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். தசைநாரைக் கீறி விடுவிக்கவேண்டிய தேவையும் இதனால் குறையக்கூடும்.

எனினும், அந்த எண் மருத்துவரின் கை அழுத்திய அளவைப் பொறுத்தது. இன்னும் பலமாக அழுத்தினால் எண் மாறும். சமமான விசையில் இழுத்துப் பார்க்கும் கருவிகள் வந்தது இதற்காகத்தான். மடக்கிய நிலையில் வெளிப்பக்கம் சற்றே கூடுதலாகத் தளர்ந்திருப்பது இயற்கை. அதை எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று ரோபோ முடிவெடுக்காது. வெட்டின் துல்லியம் கூடுவது உண்மை. பல ஆண்டுகள் கழித்து நோயாளி நடக்கும் நடையில் அது பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் ரோபோ என்று விசாரிப்பதைவிட, புது மூட்டைப் பொருத்திய பிறகு சமநிலையை மறுபடியும் சோதிப்பீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆத்தாவுக்கு மூட்டில் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகவில்லையென்றால், அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுவதால் அவர் தேதியைத் தள்ளிவைக்கலாம்.

இப்போது சின்னம்மா. அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்கள் தொடைத் தசை பலவீனமாக இருப்பதால் கால் மடங்குவது உண்டு, பயிற்சியில் சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கால் நழுவுவதும், மூட்டு திரும்பத் திரும்ப வீங்குவதும் சேர்ந்து வந்தால் அதை வயதின் மேல் போடக்கூடாது. தசைநார் தளர்ச்சியாக இருக்கலாம், பொருத்திய மூட்டு எலும்பிலிருந்து விடுபடத் தொடங்கியிருக்கலாம், காய்ச்சலே இல்லாமல் உள்ளே புகையும் தொற்றாகவும் இருக்கலாம். வலி மாத்திரை இம்மூன்றையும் மறைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். அதைவிட ஆபத்தானது, யாரோ சொன்னார்கள் என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது. மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பதற்குள் அந்த மாத்திரை உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்று கண்டறிவதே கடினமாகிவிடும்.

இந்த வாரத்திலேயே அவரை எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், பொருத்திய மூட்டின் விவரம் ஒட்டிய தாளையும் கொண்டுபோங்கள். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் மூட்டு நீர் பரிசோதனை ஆகியவற்றை அவர் முடிவுசெய்வார். மூட்டு சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே செல்லவேண்டும். அதுவரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முகப்புப் படியில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கட்டும்.