‘உங்கள் மகன் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்’: பணம் கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி பேஸ்பால் அணியில் செகண்ட் பேஸ் இடத்தில் ஆடுகிறான். கோடையில் டிராவல் அணி ஒன்றிலும் ஆடுகிறான். சென்ற மாதம் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பதற்காகக் கட்டணம் வாங்கி இளம் வீரர்களை ஆடவைக்கும் ‘ஷோகேஸ்’ நிகழ்ச்சிகளை நடத்தும் ஒரு நிறுவனத்திடமிருந்து, அவன் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. கட்டணம், விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்தால் 1,500 டாலரைத் தாண்டுகிறது. என் கணவர், “இது ஐஐடி கோச்சிங் மாதிரிதான், சேராவிட்டால் பின்தங்கிவிடுவான்” என்கிறார். எனக்குக் கிரிக்கெட்டே சரியாகத் தெரியாது. பணம் கட்டலாமா?
– ஒரு தாய், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: இந்த ஆண்டு கட்ட வேண்டாம், சகோதரி. அடுத்த ஆண்டு இதே கேள்விக்கு என் பதில் மாறக்கூடும் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். பரிந்துரைத்தவர் யார் என்று அவர்களுக்கே திருப்பி எழுதிக் கேளுங்கள். உங்கள் மகன் ஆடியதைப் பார்த்த ஒரு பயிற்சியாளரின் பெயர் பதிலாக வந்தால் அதை மதிக்கலாம். பெயர் வராவிட்டால், எப்போதோ ஒரு போட்டிக்குப் பதிவு செய்தபோது நீங்கள் கொடுத்த முகவரிக்கு மற்ற நூற்றுக்கணக்கானோருக்கும் போன கடிதமே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான அழைப்பின் பேரில் மட்டும் நடக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஏரியா கோட் கேம்ஸ், ஈஸ்ட் கோஸ்ட் புரோ போன்றவற்றில் தொழில்முறை அணிகளுக்காகத் திறமையைத் தேடும் ஸ்கவுட்டுகள் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிறுவர்கள் ஆடுகிறார்கள். அந்த நிலையை எட்டிய பையனின் வீட்டில் கல்லூரிப் பயிற்சியாளர்களின் தொலைபேசி அழைப்புகள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். அவனுடைய பெற்றோருக்கு இந்தப் பகுதிக்கு எழுத வேண்டிய தேவையே இருக்காது.

கட்டணம் வாங்கி நடத்தப்படும் ஷோகேஸில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 60 கஜம், அதாவது ஏறத்தாழ 55 மீட்டர் தூரத்தை ஓடவைத்து நேரம் குறிப்பார்கள். எறியும் பந்தின் வேகத்தை ரேடார் கன்னால் அளப்பார்கள். மட்டையிலிருந்து பந்து எந்த வேகத்தில் கிளம்புகிறது என்பதைக் குறிப்பார்கள். கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இருந்தால், பந்து அவர் கைக்கு வந்ததிலிருந்து செகண்ட் பேஸைச் சென்றடையும் வரையிலான நேரத்தைக் கணக்கிடுவார்கள். பிறகு ஓரிரு ஆட்டங்கள், காணொளி, இணையத்தில் ஒரு பக்கம், ஒரு மதிப்பெண். 1995-இல் அயோவா மாநிலத்தில் தொடங்கப்பட்டு இன்று இத்துறையில் பெயர் பெற்றிருக்கும் பெர்ஃபெக்ட் கேம் நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்குகிறது. இந்த அளவீடுகளில் பொய் இல்லை. ஆனால் இவை ஒரு பையனிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் காட்டும். 60 கஜத்தை 7.4 வினாடியில் ஓடும் பையன் 1,500 டாலர் செலவழித்துப் போய், தான் 7.4 வினாடியில் ஓடுபவன் என்பதை ஊரறியப் பதிவு செய்துவிட்டு வருகிறான். கல்லூரி விளையாட்டின் முதல் நிலையான டிவிஷன் 1 கல்லூரிகள் செகண்ட் பேஸுக்கும் அதன் பக்கத்து இடமான ஷார்ட்ஸ்டாப்புக்கும் பொதுவாக 6.9 வினாடிக்கு உட்பட்ட வேகத்தைத் தேடுகின்றன. உங்கள் மகன் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறான் என்பதை அறிய விமானம் ஏற வேண்டியதில்லை. பள்ளி மைதானமும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் போதும்.

உங்கள் கணவர் சொன்ன உவமை இங்கேதான் பொருந்தாமல் போகிறது. ஜேஇஇ தேர்வில் ஒரு மாணவர் வாங்கும் ரேங்க் அவருக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தருகிறது. அந்த ரேங்கை மதிக்க ஐஐடி கடமைப்பட்டது. ஷோகேஸில் வாங்கிய மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியும் மதிக்கக் கடமைப்பட்டதில்லை. பயிற்சியாளர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், தன் அணிக்கு வேண்டியவனா என்று அவரே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, காலம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, ஒரு மாணவர் பதினோராம் வகுப்புக்குள் நுழையும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கு முன் டிவிஷன் 1 பேஸ்பால் பயிற்சியாளர் அவரோடு அணித் தேர்வு தொடர்பாகத் தொலைபேசியிலோ கடிதத்திலோ பேசக் கூடாது. ஆகவே பத்தாம் வகுப்பில் அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், பார்த்தவர்களுக்குப் பிடித்ததா என்பதை நீங்கள் நேரடியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. டிவிஷன் 3 கல்லூரிகளுக்கும் என்ஏஐஏ என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்த கல்லூரிகளுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. அவர்களுக்கு இப்போதே எழுதலாம்.

சந்தை நிலவரமும் மாறிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறி ஆட முடிகிறது. தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்ட் முன்பு இருந்த 40 சுற்றுகளிலிருந்து 20 சுற்றுகளாகச் சுருங்கியதால், தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கக்கூடிய பலர் கல்லூரியிலேயே தங்குகிறார்கள். 2025-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடரப்பட்டது) சமரசத்தில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்பது உச்சவரம்பு. அந்த 34 இடங்களில் ஒன்றுக்கு, வேறு கல்லூரியில் மூன்றாண்டு ஆடித் தேறிய 21 வயது வீரரும் உங்கள் பையனும் போட்டியிடும்போது பயிற்சியாளர் யாரை எடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் நூறு பேரில் ஏழெட்டுப் பேர்தான் என்சிஏஏ-வின் மூன்று பிரிவுகளில் ஏதேனும் ஒன்றில் ஆடுகிறார்கள்.

உதவித்தொகையை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பல ஆண்டுகளாக ஒரு டிவிஷன் 1 பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைதான் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதைத்தான் அணியில் பலருக்கும் துண்டு துண்டாகப் பங்கிட்டார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இப்போது இல்லை என்றாலும், 34 பேருக்கும் முழுத் தொகை கொடுக்கும் அளவுக்கு எல்லாக் கல்லூரிகளிடமும் பணம் இல்லை. டிவிஷன் 2-இல் அணிக்கு 9. டிவிஷன் 3-இலும் ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவி, டிவிஷன் 3-இல் பல இடங்களில் மதிப்பெண்ணுக்கான உதவியும் உண்டு. படிப்பில் கெட்டிக்காரனான பையனுக்கு அந்தத் தொகை, பேஸ்பால் கொடுத்திருக்கக்கூடிய கால் பங்கு உதவியைவிடப் பெரியதாக இருப்பது அரிதல்ல. (நம் வீடுகளில் கணக்கு டியூஷனுக்குத் தயங்காமல் பணம் கட்டுவோம். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழக்கம் பேஸ்பாலுக்கும் நல்லதுதான்.)

அப்படியானால் ஷோகேஸே வீணா? இல்லை. வரிசை மாறக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. அவனுடைய அளவுகளைப் பள்ளியிலோ பயிற்சிக் கூடத்திலோ எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு காணொளி தயாரியுங்கள். பின்னணி இசை வேண்டாம், தரையில் வரும் பந்தைப் பிடித்து எறிவது தெளிவாகத் தெரிந்தால் போதும். அவன் படிக்கவும் ஆடவும் விரும்பும் இருபது, இருபத்தைந்து கல்லூரிகளுக்கு அவனே எழுதட்டும். பெற்றோர் எழுதுவதைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை. கோடை அணியின் பயிற்சியாளரிடம், “இவன் எந்த நிலையில் ஆடக்கூடியவன்?” என்று நேராகக் கேளுங்கள். அவருடைய ஒரு தொலைபேசி அழைப்புக்கு இருக்கும் மதிப்பு ஷோகேஸ் பக்கத்துக்கு இருக்காது. பதினோராம் வகுப்புக் கோடையில், அவன் எழுதிய கல்லூரிகளில் இரண்டு மூன்றாவது, “இந்த நிகழ்ச்சிக்கு வருகிறோம், உன்னையும் அங்கே பார்க்கிறோம்” என்று பதில் அனுப்பினால் அன்று தாராளமாகக் கட்டுங்கள். சரிபார்க்கப்பட்ட எண்கள் மட்டும் வேண்டுமென்றால், உங்கள் மாநிலத்திலேயே காரில் போய்த் திரும்பக்கூடிய ஒருநாள் நிகழ்ச்சி ஒன்று போதும்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பந்து வீச்சாளன். மணிக்கு 82 மைல் வேகத்தில் வீசுகிறான். ஜனவரியில் உள்ளரங்க ஷோகேஸ் ஒன்றுக்குப் போனால் 85-ஐத் தொட்டுக் காட்டலாம் என்கிறார் அவனுடைய தனிப் பயிற்சியாளர்.
– ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அனுப்பாதீர்கள். இலையுதிர் காலத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரையிலான பெரும்பகுதியில், டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் தங்கள் வளாகத்துக்கு வெளியே சென்று வீரர்களை மதிப்பிட விதியே அனுமதிப்பதில்லை. பார்க்க வேண்டியவர் வர முடியாத மாதத்தில் யாருக்காக 85-ஐத் தொட வேண்டும்?

கையின் நலம் அதைவிட முக்கியம். மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல், இளம் வீச்சாளர்கள் ஆண்டில் நான்கு மாதங்கள் வீச்சிலிருந்து ஓய்வெடுக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. 15, 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 வீச்சுகள்தான் உச்சம். 76-ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. வீச்சாளர்களின் காயங்களைப் பற்றி மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், வேகத்தை மட்டுமே துரத்துவதையும் ஆண்டு முழுக்க நீளும் ஷோகேஸ்களையும் காரணங்களில் சேர்த்திருக்கிறது. ஓய்வில் இருக்க வேண்டிய முழங்கையை, ரேடார் கன்னுக்கு முன்னால் முழு விசையில் இயக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்த நிகழ்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டா?

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்திட்டு, தங்கள் முகாமுக்கு வரும்படி என் மகனுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். இதுவும் அப்படித்தானா?
– ஆல்ஃபாரெட்டா, ஜார்ஜியா

பதில்: பாதி அப்படித்தான். கல்லூரிகள் நடத்தும் முகாம்கள் வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புகளுக்கு உட்பட்டு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என்சிஏஏ விதி. முகாம் விளம்பரத்தை எந்த வயதினருக்கும் அனுப்பலாம். ஆகவே கடிதம் வந்ததாலேயே அவர்களுக்கு உங்கள் மகனைத் தெரியும் என்று ஆகாது. ஆனால் கட்டணம் கட்டும் நிகழ்ச்சிகளில் நான் மிகவும் மதிப்பது இவற்றைத்தான். முடிவு செய்பவர் அங்கே நிச்சயமாக இருப்பார், மகனும் அந்த வளாகத்தைப் பார்த்துவிடலாம். உங்கள் மகனுக்கு உண்மையிலேயே அந்தக் கல்லூரியில் படிக்க ஆசையா? அவன் போன வாரம் ஆடியதைப் பற்றியோ, அனுப்பிய காணொளியைப் பற்றியோ அந்தக் கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பதிவு செய்யுங்கள். முதலாவதுக்கு மட்டும் ஆம் என்றால், உதவிப் பயிற்சியாளருக்கு மகன் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். பதிவு முடியும் கடைசி நாள் வரை பதிலுக்குக் காத்திருங்கள்.