கிராமசபையில் எதைக் கேட்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நிலையான வளர்ச்சி இலக்குகள் 17 என்கிறார்கள். எங்கள் பஞ்சாயத்துக்கு அதில் என்ன இருக்கிறது? (அலங்காநல்லூர் வாசகர்)

2015-ல் ஐ.நா. ஏற்ற அந்த 17-ஐ, ஊராட்சிகளுக்காக 9 கருப்பொருள்களாகச் சுருக்கியிருக்கிறது மத்திய பஞ்சாயத்துராஜ் அமைச்சகம். வறுமை, தண்ணீர், சுகாதாரம், குழந்தைகள், பெண்கள் எல்லாம் அதில் உண்டு. இதற்கென்று தனித் திட்டம் வேண்டாம். வருடாவருடம் போடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். ஒன்பதையும் ஒரே வருடத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் மதுரைப் பக்கம் என்றால் நான் தண்ணீரில்தான் தொடங்கச் சொல்வேன்.

கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். பஞ்சாயத்தில் கேட்டால் "எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். (திருமங்கலம் வாசகி)

அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணிதான் கிராம ஊராட்சிக்கு. இதைத் தெரிந்துகொண்டு மனு கொடுங்கள்.

அப்புறம், கண்மாயோடு நின்றுவிடாதீர்கள். ஊரில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வரத்துக் கால்வாயில் மேலே வரைக்கும் நடங்கள். எங்கே பிளாட் போட்டு மண்ணடித்திருக்கிறார்கள், எந்த ரோட்டுக்கு அடியில் சின்னக் குழாயாகப் பதித்திருக்கிறார்கள், மடை ஷட்டர் இறங்குகிறதா என்று பார்த்து, சர்வே எண்ணோடு எழுதுங்கள். வரத்து அடைபட்டிருக்கும்போது கரையை மட்டும் உயர்த்துவது வீண் செலவு. கருவேலத்தையும் வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துவிடும். "கண்மாயைத் தூர்வார வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது.

தீர்மானம் போட்டு என்ன ஆகிவிடப் போகிறது? (மேலூர் கல்லூரி மாணவர்)

தம்பி, உங்கள் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, 2024 நவம்பரில் சுற்றுவட்டாரக் கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மக்கள் மதுரை வரை பேரணி வந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. தீர்மானம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர் என்ன சொன்னது என்பதற்கு எழுத்தில் சாட்சி அதுதான். அதனால் பதிவேட்டில் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாநகராட்சியில் இருக்கிறோம். எங்களுக்குக் கிராமசபை இல்லையே? (செல்லூர் வாசகி)

பகுதி சபை இருக்கிறது. மதுரையின் 100 வார்டுகளுக்கும் உரியது. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டத் தேதியைக் கேளுங்கள். செல்லூர் என்றால் கண்மாயில் கழிவுநீர் கலப்பதையும் மழைநீர் வாய்க்காலையும் முதலில் எழுப்புங்கள்.