செல்லுக்குத் தன் வேலை எப்படி மறக்காமல் இருக்கிறது? கேள்வி-பதில்

கருவளர்ச்சி பற்றிப் போன முறை எழுதியதற்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்ட விதம் வேறு வேறு. சுற்றி வருவது ஒரே விஷயத்தைத்தான்: ஒரே கருமுட்டையிலிருந்து வந்த செல்கள், தனித்தனி வேலைக்குப் பிரிந்த பிறகு, அதை எப்படி விடாமல் பிடித்துக்கொள்கின்றன? நேரமில்லாதவர்கள் கடைசிக் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால், கல்லீரல் செல் ஏன் தோல் செல்லாக மாறிவிடுவதில்லை? (பிளஸ் டூ மாணவி, ஓசூர்)

டிஎன்ஏ ஒன்றுதான். அதிலுள்ள சுமார் 20,000 ஜீன்களில் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் ஓடுவது ஒரே தண்ணீர். எந்த மடை திறந்திருக்கிறதோ அந்த வயலுக்குப் பாய்கிறது. இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கும். கஷ்டமான பாதி இனிமேல்தான். செல் பிரியும்போது டிஎன்ஏ முழுவதும் நகலாகிறது. எந்த மடையை மூடி வைக்க வேண்டும் என்று புதுச் செல்லுக்கு யார் சொல்வது?

ஒரு வழி, ஜீனை மூடி வைக்க உதவும் மெத்தில் என்ற வேதிக்குறி. நகலெடுத்தவுடன் பழைய இழையில் குறி இருக்கும், புது இழையில் இருக்காது. டிஎன்எம்டி1 என்ற நொதி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, எதிரே புது இழையிலும் அதே குறியை வைத்துவிடும். திறந்து வைக்கிற பக்கத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மயோடி என்ற புரதம் தசை ஜீன்களைத் திறப்பதோடு, தன்னை உண்டாக்கும் ஜீனையும் திறந்தே வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு ஜீனைக் கொடுத்தே, தசை அல்லாத செல்களைத் தசையாக்க முடியும் என்று 1987-இல் காட்டினார்கள்.

கூட்டுக்குள் பட்டுப்புழு மொத்தமும் கூழாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் இறக்கை எங்கிருந்து வருகிறது? (பட்டு விவசாயி, பாலக்கோடு)

இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மொத்தமும் கூழாவதில்லை. பட்டுச் சுரப்பி அழிந்துபோகிறது. நரம்பு மண்டலம் அழியாமல் திருத்தி அமைக்கப்படுகிறது. இறக்கையோ புதிதாக வருவதே இல்லை. மல்பெரி இலை தின்றுகொண்டிருக்கும் புழுவின் மார்புப் பகுதியிலேயே, தோலுக்கு அடியில், நான்கு சின்னத் திசு வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தோலுரிப்பையும் தாண்டி அவை வளர்கின்றன. பார்க்க இறக்கை மாதிரியே இருக்காது. ஆனால் தான் இறக்கை என்பது அந்தச் செல்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

இந்த நினைவு எவ்வளவு உறுதியானது? சூரிச் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஹாடோர்ன் பழ ஈயின் வட்டுகளை எடுத்து, வளர்ந்த ஈக்களின் வயிற்றுக்குள் வைத்து, ஈ மாற்றி ஈயாக வருடக்கணக்கில் வளர்த்தார். அங்கே அவை பெருகினவே தவிர எந்த உறுப்பாகவும் ஆகவில்லை. பிறகு கூட்டுப்புழுவாகப் போகிற புழுவுக்குள் வைத்தபோது, பெரும்பாலும் எந்த உறுப்பின் வட்டோ அந்த உறுப்பே வந்தது. எப்போதாவது மட்டும் வேறு உறுப்பு முளைத்தது.

இந்த நினைவைக் காப்பதில் பாலிகோம்ப் குழுப் புரதங்களுக்குப் பெரிய பங்கு. இவை டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் குறி வைத்து, தேவையில்லாத ஜீன்களை மூடி வைக்கின்றன. செல் பிரிந்ததும், மிச்சமிருக்கும் குறியைப் பார்த்து மீண்டும் குறி வைக்கின்றன. பாலிகோம்ப் ஜீனில் பழுது வந்த ஆண் பழ ஈக்களுக்கு, முன்னங்காலில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு மாதிரியான முள்வரிசை மற்றக் கால்களிலும் முளைக்கும். பாலி என்றால் பல, கோம்ப் என்றால் சீப்பு; பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

அடை வைத்த முட்டையில் இறக்கை எது, கால் எது என்று எப்போது முடிவாகிறது? (நாட்டுக்கோழி வளர்ப்பவர், பென்னாகரம்)

மூன்றாம் நாள் வாக்கில் சின்ன மொட்டுகள் தெரியும்போதே முடிவாகியிருக்கும். 1957-இல் ஜான் சாண்டர்ஸும் உடன் இருந்தவர்களும், தொடையாக வேண்டிய திசுவை எடுத்து இறக்கை மொட்டின் நுனியில் வைத்தார்கள். அது தொடையாகவும் வளரவில்லை, இறக்கை நுனியாகவும் வளரவில்லை. நகத்தோடு கால்விரலாக வளர்ந்தது. நுனியில் இருக்கிறோம் என்பதை அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து தெரிந்துகொண்டது. கால் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டு மூன்று நிறப் பூனையைக் குளோனிங் செய்தால் அச்சாக அதேபோல வருமா? (அரூர்)

வராது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒன்றை மூடிவிடும். அதன் வம்சம் முழுவதும் அதே ஒன்றை மூடி வைத்திருக்கும் என்று மேரி லயன் 1961-இல் சொன்னார். செம்பட்டையா கறுப்பா என்று முடிவு செய்யும் ஜீன் எக்ஸில் இருப்பதால், செம்பட்டைத் திட்டும் கறுப்புத் திட்டும் அப்படி வந்தவையே. 2001-இல் அமெரிக்காவில் இப்படி ஒரு பூனையைக் குளோனிங் செய்தார்கள். குட்டிக்குச் செம்பட்டையே இல்லை!

நாட்டுக் கன்றில் ஒட்டுக் கட்டிய பெங்களூரா மாங்கன்று, நாளடைவில் நாட்டு மாங்காய் காய்க்குமா? (காவேரிப்பட்டணம்)

காய்க்காது. ஒட்டுக்குக் கீழே வருகிற தளிர் நாட்டு ரகம், அதைக் கிள்ளிவிடுங்கள்.

என் குழந்தைக்குப் பிறவியிலேயே மூளைவாதம். ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) ஊசி போட்டால் சரியாகும் என்று ஓரிடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா? (ஒரு தாய், ஊத்தங்கரை)

விற்காதீர்கள், அம்மா.

செல்லின் நினைவை அழிக்க முடியும் என்பது உண்மைதான். ஷின்யா யமனாகா 2006-இல் நான்கு ஜீன்களைக் கொடுத்து எலியின் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார். 2012-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் நினைவைப் பாதியில் தொலைத்த செல் கட்டியாகவும் மாறலாம். ஊசியில் போன செல் மூளையில் சரியான இடத்தில் நரம்பாக உட்கார்ந்து வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று சிகிச்சையே ஏற்கப்பட்டது. மற்றவையெல்லாம் ஆய்வு நிலையில் இருப்பவை. ஆய்வு என்றால் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறவரிடம், இது ஆய்வா, எங்கே பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே குழந்தைகள் நலப் பிரிவில் காட்டி, இயன்முறைப் பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள்.